இராப்போசனத்துக்கு முன்னால் ஒரு வாடகை வீடு

கொழும்பில் இயங்கும் வடக்கு, கிழக்கு, மலையகப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கக் கிளைகளுக்கு,

வணக்கம். நான் வெள்ளவத்தையில் இருப்பவன். உங்களைப் போன்ற ஒரு சங்கத்தில் ஆறு வருடம் பொருளாளராக இருந்தேன். ஆகவே இந்த மடலில் வரும் குறை எல்லாம் முதலில் எனக்குத்தான். அந்த ஆறு வருடத்தில் புற்றுநோய்ப் பிள்ளைகளைப் பார்க்க இரண்டு தடவை போனோம். பால்மா, விளையாட்டுச் சாமான், பெரிய கேக். பதாகையைப் பிடித்துப் படமும் எடுத்தோம். அங்கே நின்ற தாய்மாரில் ஒருவரிடமாவது "உங்கள் வீட்டுக்காரர் இரவில் எங்கே படுக்கிறார்?" என்று நாங்கள் கேட்டதாக ஞாபகம் இல்லை.

அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே என் தங்கையின் பேரனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. கிளிநொச்சிப் பிள்ளை, அப்போது ஆறு வயது. நாட்டில் சிறுவர் புற்றுநோய்க்கு முதன்மையான இடம் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள மகரகம அபேக்ஷா மருத்துவமனைதான். தெல்லிப்பழையில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, பெருமைப்பட வேண்டிய மருத்துவமனை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை சனங்கள் நடந்து சேர்த்த காசில் எழும்பியது அது. ஆனாலும் பிள்ளைகளுக்கான நீண்ட வைத்தியம் என்றால் பெரும்பாலும் மகரகமவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

மருந்து இலவசம். அதோடு எல்லாம் சரி என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். பேரனுக்கு வந்த வகை இரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் இரண்டு வருடத்துக்கும் மேலே போகும். வாட்டில் இருக்கும் நாட்களை எண்ணிவிடலாம். வாட்டை விட்டு வெளியே, ஆனால் ஊருக்கும் போக முடியாமல் இருக்கும் நாட்கள்தான் குடும்பத்தை உடைப்பவை. மருந்து ஏறியதும் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும். அந்த நேரத்தில் காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினால், பனடோலைக் கொடுத்து விடியும்வரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. உடனே கொண்டு ஓட வேண்டும். கிளிநொச்சியிலிருந்து எங்கே ஓடுவது?

அதனால் என் மருமகளும் பிள்ளையும் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தார்கள். மருமகன் வயலைப் பார்க்கப் போய்விட்டார். சின்னவன் அம்மம்மாவோடு. அவனுக்கு அம்மா என்றால் கைப்பேசியில் தெரியும் முகம்தான் என்றாகி, நேரில் வந்தபோது ஒரு நாள் முழுக்கக் கிட்ட வரவில்லை. எங்களுக்குக் கூடம் இருந்தது. கொழும்பில் ஒருவரையும் தெரியாத தோட்டத்துக் குடும்பத்துக்கு என்ன இருக்கிறது? அங்கே ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை.

சாப்பாட்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் நாங்கள் தாராளமாகப் பிழை விடுகிறோம். வைத்தியத்தில் ஸ்டீரொயிட் மருந்து எடுக்கும் நாட்களில் பிள்ளைக்கு வரும் பசி சாதாரணப் பசி இல்லை. இரவு இரண்டு மணிக்கு எழும்பி இடியப்பமும் சொதியும் கேட்பான். இல்லை என்றால் அழுகை. ஆனால் கடைச் சாப்பாடு கொடுக்க முடியாது. கட்டி வைத்து ஆறிப்போனதும் கூடாது. அப்போதே சமைத்த சூடான சாப்பாடு வேண்டும். நாங்கள் பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் அனுப்பும் சோற்றுப் பார்சல் பெற்றோருக்கு உதவும், பிள்ளைக்கு உதவாது. அந்தத் தாய்க்குத் தேவை ஓர் அடுப்பு.

ஏன் இதைப் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், இது வசதி பற்றிய கதை மட்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 100க்கு 80 பேருக்கு மேல் குணமாகிறார்கள். வசதி குறைந்த பல நாடுகளில் 30 பேர்கூட இல்லை. இதற்குப் பல காரணம். அதில் ஒன்று, வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது. முதல் ஒன்றரை மாதத்துக்குள் பெரும்பாலான பிள்ளைகளின் இரத்தம் சுத்தமாகிவிட்டதாகவே காட்டும். முகமும் தெளியும். கடனும் ஏறியிருக்கும், ஊரில் மற்றப் பிள்ளைகள், அறுவடை. "பிள்ளைக்குச் சுகம்தானே, அம்மனுக்கு வைத்த நேர்த்தியும் கைகூடிவிட்டது" என்று யாராவது சொல்வார்கள். மிச்சமிருக்கும் நோய் திரும்பி வரும்போது முதல் தடவையைவிட வைத்தியம் கடினம். நேர்த்திக்கு நான் எதிரி இல்லை, கிளினிக்குப் போய்விட்டு வந்து செய்யட்டும்.

சரி, உங்களிடம் என்ன கேட்கிறேன்? கட்டடம் கேட்கவில்லை. மருத்துவமனையிலிருந்து ஓட்டோவில் பத்து நிமிடத்துக்குள் சமையலறையோடு ஒரு வாடகை அனெக்ஸ். மூன்று சங்கம் சேர்ந்தால் ஒன்று எடுக்கலாம். நானும் இரண்டு நண்பர்களும் எடுத்துப் பார்த்தோம். முதல் பார்த்த வீட்டுக்காரர் முற்பணம் வாங்கிவிட்டு, மொட்டைத் தலையோடு பிள்ளை வந்து இறங்கியதும் திருப்பித் தந்துவிட்டார். தொற்றுமாம். அடுத்த வீட்டில் எட்டு மாதம் ஓட்டினோம், ஐந்து குடும்பங்கள் தங்கினார்கள். அப்புறம் ஒரு நண்பர் கனடா போனார், வாடகை கூடியது, விட்டுவிட்டோம். தனி ஆட்களின் வேலை இல்லை இது. வருடத்துக்கு வருடம் நிர்வாகம் மாறினாலும் நிற்கும் சங்கத்தின் வேலை.

வீட்டோடு ஆளும் வேண்டும். உங்களில் சிங்களம் நன்றாகப் பேசும் இளையவர்கள் எத்தனை பேர்! டொக்டர் சொன்னதற்கெல்லாம் என் மருமகள் தலையாட்டினாள், வெளியே வந்து "மாமா, என்ன சொன்னவர்?" என்று கேட்டாள். கிளினிக் நாளில் பக்கத்தில் நிற்க ஒருவர், அடுத்த திகதிக்கு இரண்டு நாள் முன்னால் ஊருக்குப் போன் பண்ண ஒருவர். இரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலையும் வைத்திருங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்றும் பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் அணுக்கள்) எடுத்து வைத்தால் ஐந்து நாளுக்கு மேல் இருக்காது, ஆகவே வருடத்தில் ஒரு நாள் முகாம் வைத்தால் போதாது.

கடைசியாக, உங்களால் மட்டும் முடிந்த ஒன்று. அதிபர்மார் உங்கள் சொல்லைக் கேட்பார்கள். வைத்தியம் நடக்கும்போதே சில பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்புவார்கள். அவர்களுக்கு அம்மாள் வருத்தம் (சின்னம்மை) தொற்றினால் உயிருக்கே ஆபத்து. அதை நாங்கள் ஊரில் வெளியே சொல்லாமல் வேப்பிலை கட்டிப் பேசாமல் இருந்துவிடுவோம். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வந்தால் அன்றே அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியப்படுத்துங்கள். புற்றுநோய் தொற்றாது என்பதைப் பக்கத்து வாங்குப் பிள்ளைகளுக்கும் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் பையன் இப்போது தரம் 4. தொப்பியைக் கழற்றவே அவனுக்கு ஒரு தவணை எடுத்தது.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இராப்போசன ஏற்பாட்டைப் பேசும் முன் இதைப் பேசுங்கள். நிகழ்ச்சி நிரலின் கடைசியில் வரும் "ஏனையவை"யில் போட வேண்டாம், அதற்குள் பாதிப் பேர் எழும்பிப் போய்விடுவார்கள், எனக்குத் தெரியும். கூப்பிட்டால் வருகிறேன். அந்த எட்டு மாதத்து வாடகைக் கணக்கு எழுதிய கொப்பி என்னிடம் இருக்கிறது. இரண்டு கேத்தில், ஒரு புட்டுக்குழல், நான்கு பாய் எல்லாம் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் பொருளாளர்,
வெள்ளவத்தை