செல்லைப் பையில் போட்டுவிட்டு வா

அன்புள்ள மல்லிகா,

பொங்கல் வாழ்த்துக்குப் பதில் வரவில்லை என்று கோபமாக இருப்பாய். இருந்துகொள். ஆசிரியர் பயிற்றுநர் ஆனதிலிருந்து நீயும் ‘பார்வையிட்டேன், பதிவேற்றினேன்’ என்று தந்தி மாதிரிதானே பேசுகிறாய். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பெரியவன் காலேஜ் சேர்ந்துவிட்டான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எஸ்தர் விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பம் எழுதிவிட்டாள்.

நம் எஸ்தரேதான், பூரிக்கிழங்கு விஷயத்தில் வார்டனையே மடக்கியவள். அவள் பள்ளித் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றபின் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதில் ஒன்று காலியானால் ஐந்து வகுப்பும், எமிஸ் இணையதளத்தில் பிள்ளைகள் விவரப் பதிவும், காலை உணவுக் கணக்கும், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டமும் மிச்சமிருப்பவள் தலையில். பிரஷர் மாத்திரை ஆரம்பித்துவிட்டாள். ராத்திரி தூக்கம் இல்லை. இதில் மன அழுத்தம் குறைப்பது பற்றி ஒரு பயிற்சி வேறு. அன்றைக்கு வகுப்பை யார் பார்ப்பார்கள் என்ற அழுத்தத்தோடே போய் உட்கார்ந்திருந்தாளாம். சிரிக்காதே.

போன வாரம் அவள் ஊரில் கோயில் கொடை, உள்ளூர் விடுமுறை. விண்ணப்பத்தைக் காட்டுவதற்காக என் பள்ளிக்கு வந்தாள். பாடம் ஓடிக்கொண்டிருந்தது; பின்னால் போய் உட்காரச் சொன்னேன். நான் அரும்பு என்கிற ஆரம்ப நிலைப் பிள்ளைகளோடு இருந்தேன். மூன்றாம் வகுப்புக்கு 42-இல் 17 கழிக்கச் சொல்லி, குச்சிக் கட்டும் கொடுத்திருந்தேன். ஒரு பெண் கட்டைப் பிரித்து, அழகாக எண்ணி, 25 என்றாள். நோட்டில் 35 எழுதினாள். ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறாள், அவ்வளவுதான். எது சரி என்று எஸ்தர் கேட்டதற்கு அவள் சொன்ன பதில்: “ரெண்டும் சரிதான் டீச்சர். அது குச்சிக் கணக்கு, இது நோட்டுக் கணக்கு.”

சாப்பாட்டு வேளையில் எஸ்தர் இதைச் சொன்ன வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு தூக்கமின்மையும் எங்கே போனதோ! பிரித்த கட்டை நோட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது என்று சாயங்காலம் வரை வாதாடினோம். ஒவ்வொரு குச்சி எடுக்கும்போதும் நோட்டில் ஒரு வரி எழுதச் சொல்லலாம் என்பது அவள் யோசனை. மறுநாள் செய்து பார்த்தேன், பாதிப் பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிட்டது. மீதிப் பேருக்கு என்ன செய்வது என்று அவளே போன் போட்டுக் கேட்கிறாள்.

ஜப்பானில் இதை மெய்ஜி மன்னர் காலத்திலிருந்து, நூறு வருஷத்துக்கு மேலாகச் செய்கிறார்கள், ஜுக்யோ கென்க்யூ (பாட ஆய்வு) என்று. ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். பார்ப்பது பிள்ளைகளை, டீச்சரை அல்ல. நம் வகுப்பறைக்குள் பெரியவர் ஒருவர் வந்தாலே சுவரில் சார்ட் ஒட்டியிருக்கிறதா என்றுதான் கண் போகிறது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற குறுவள மையக் கூட்டமாவது இதற்கு உதவும் என்று பார்த்தால், அங்கே காணொளி போட்டுக் கையெழுத்து வாங்குவதோடு சரி. உன்னைச் சொல்லவில்லை. கொஞ்சம் உன்னையும்தான்.

எஸ்தருக்கு அறிவுரை வேண்டாம், மல்லி. மாதத்தில் ஒரு அரை நாள் வகுப்பை விட்டு வெளியே வர வழியும், பாடத்தைப் பற்றிப் பேச ஆளும் வேண்டும். எப்படியும் அவள் பள்ளிக்கு நீ பார்வைக்குப் போகத்தான் வேண்டும். போகிற அன்று செல்லைப் பையில் போட்டுவிட்டு, சாக்பீஸை எடுத்து அவள் வகுப்பை மதியம் வரை நீ நடத்து. அவள் இங்கே வந்து உட்காரட்டும். அடுத்த முறை என் தலைமையாசிரியரைக் கெஞ்சிக் கூத்தாடி நான் அங்கே போகிறேன். உன் மேலாளரிடம் என்ன பெயரில் அனுமதி வாங்குவாயோ, அது உன் சாமர்த்தியம்.

காலியிடத்துக்கு இது பதில் ஆகாது, அதுவும் தெரியும். மாற்றுப்பணியில் யாரையாவது போடச் சொல்லி நீயும் எழுது. நாங்கள் எழுதினால் கோப்பில் தூங்குகிறது.

விண்ணப்பத்தை இன்னும் கொடுக்கவில்லை, கைப்பையில்தான் இருக்கிறது. மாதக் கடைசிக்குள் முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறாள். அதனால் வருகிற வாரமே எந்த நாள் என்று சொல். நான் எழுதினேன் என்று அவளிடம் மூச்சுவிடாதே, கொன்றுவிடுவாள்.

அன்புடன்,
ஜெயா