பொருள் தேட வேண்டியதில்லையாமே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இசைப் பகுதியில், தென்னாப்பிரிக்காவின் கோசா மொழியில் பாடப்படும் ராப் பாடல்களைப் பற்றி வெளியான ஒன்றரைப் பக்கக் கட்டுரையை மூன்று முறை வாசித்தேன். முதல் முறை மகிழ்ச்சியோடு வாசித்தேன்; அந்த மொழியின் பெயர் தமிழ் இதழ் ஒன்றில் தலைப்பாக வந்ததை நான் பார்ப்பது அதுவே முதல் தடவை. இரண்டாம் முறை ஐயத்தோடு வாசித்தேன். மூன்றாம் முறை, "இப்பாடல்களில் பொருள் தேட வேண்டியதில்லை, நாக்கைச் சொடுக்கும் அந்த ஓசையே கவிதை" என்ற வரியில் நின்றுவிட்டேன். இரண்டு வாரங்களாகியும் அந்த வரியைத் தாண்ட முடியாததால்தான் இக்கடிதம்.

பாராட்டாகத்தான் எழுதியிருக்கிறார் தங்கள் கட்டுரையாளர், எனக்கும் புரிகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தாய்மொழியாகப் பேசும் ஒரு மொழியில், பாடுபவன் ஒரு மணி நேரம் மூச்சிரைக்கச் சொல்லி முடித்ததைக் கேட்டுவிட்டு, "நீ சொன்னது எதுவும் எனக்கு வேண்டாம், சத்தம் மட்டும் இனிமையாக இருந்தது" என்று தோளில் தட்டிக்கொடுக்கும் பெருந்தன்மையை என்னவென்று சொல்வது!

நான் 1999 முதல் 2014 வரை கேப் டவுனில் ஒரு மருந்து மொத்த வணிக நிறுவனத்தில் கணக்கராக வேலை பார்த்தவன். இசை விமர்சகன் அல்லன். ஆனால் அந்த ஓசைகளைப் பதினைந்து ஆண்டுகள் காலையும் மாலையும் கேட்டவன். அவற்றைத் தப்பும் தவறுமாக உச்சரித்துச் சக ஊழியர்களைச் சிரிக்க வைத்தவன். கட்டுரையாளர் 'நாக்கைச் சொடுக்கும் ஓசை' என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருப்பது மூன்று வெவ்வேறு மெய்யொலிகளை. முன்பற்களின் பின்னால் நாவின் நுனியை வைத்து இழுப்பது ஒன்று; யாருக்காவது இரங்கி நாம் உச்சுக் கொட்டுகிறோமே, ஏறக்குறைய அதுதான். கன்னத்தோரம் எழுவது இன்னொன்று. எங்கள் ஊர் வண்டிக்காரர்கள் மாட்டை விரட்ட எழுப்பும் ஓசையை அதற்கு ஒப்பிடலாம். மூன்றாவது, மேலண்ணத்திலிருந்து நாக்கைப் பிடுங்கும்போது பாட்டில் தக்கை திறப்பதுபோல் 'டொக்'கென்று வருவது. மூச்சைச் சேர்த்தும், மூக்கால் ஒலித்தும், தொண்டையை அதிரவிட்டும் இம்மூன்றையும் பதினெட்டாகப் பெருக்குவார்கள். நமக்குத் தாளமாகக் கேட்கும் இவை அவர்களுக்கு க, ச, த போன்ற எழுத்துகள். 'ஏலா' என்று முடியும் ஒரு வினைச்சொல்லைப் பல்லோசையில் தொடங்கினால் 'கேட்டுக்கொள்' என்று பொருள். கன்னத்து ஓசையில் தொடங்கினால் 'தெரிவி'. அதே கன்னத்து ஓசையோடு மூச்சும் சேர்ந்துவிட்டால் 'ஆட்டை அறு'. தக்கை ஓசையும் மூச்சும் சேர்ந்தால் 'பழகிக்கொள்'. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அலுவலக உணவகத்தில் தேநீர் கேட்கப் போய், தேநீரைப் பற்றித் தகவல் தெரிவித்துவிட்டு வந்தவன் நான். கட்டுரையாளரின் கொள்கைப்படி அன்று நானும் ஒரு கவிதை சொல்லியிருக்கிறேன்.

எங்கள் நிறுவனத்தின் சரக்கு வண்டியை ஓட்டியவர் குகுலேதுவைச் சேர்ந்தவர். கேப் டவுன் புறநகரில் கறுப்பின மக்கள் நகரை விட்டு ஒதுக்கிக் குடியமர்த்தப்பட்ட பகுதிகளுள் ஒன்று அது; 'நம் பெருமை' என்று பொருள். பக்கத்திலுள்ள கயெலிட்ஷாவுக்குப் 'புது வீடு' என்று பொருள். ஊர்ப் பெயரிலேயே ஏளனமும் ஆசையும் கலந்திருப்பதைத் தாங்கள் கவனிக்காமல் இருக்க மாட்டீர்கள். அங்கே வீட்டு முன்னறையில் நடக்கும் பெட்டிக்கடைக்கு 'ஸ்பாசா' என்று பெயர். அந்தத் தெருக்களில் பிறந்த கோசா ராப்புக்கும் அதே பெயர்தான். வங்கிக்கும் கிடங்குக்கும் அவரோடு போகும்போதெல்லாம் வண்டியில் டிரீமன்ஸ்காப் குழுவின் பாடல்கள் ஓடும். (அஃது ஆப்பிரிக்கான்ஸ், அதாவது டச்சு வழிவந்த அந்நாட்டு மொழிச் சொல், 'மூவர் கூட்டு' என்பது பொருள், பாடியவர்கள் என்னவோ நால்வர்.) 2009இல் வந்த அவர்களுடைய தொகுப்பின் தலைப்புக்கு நேர்ப்பொருள், 'பித்தப்பை வெடித்துவிட்டது' என்பது. ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டிப் பாட்டை நிறுத்திவிட்டு, நாள்பட அடக்கி வைத்த கசப்பு இனி உள்ளே நிற்காது என்பதை இப்படித்தான் சொல்வோம் என்று விளக்கினார். வயிற்றெரிச்சல் என்ற சொல்லோடு வளர்ந்த எனக்கு அதற்கு மேல் உரை தேவைப்படவில்லை. பொருள் தேட வேண்டியதில்லை என்பவருக்குத் தலைப்பிலேயே பொருள் காத்திருந்தது. ஒருவரிடம் கேட்டிருந்தால் போதும்.

ஓசையைத்தான் புகழ வேண்டுமென்றால் அதையாவது ஒழுங்காகப் புகழ்ந்திருக்கலாம். 'முதியவர்கள் பேசுகிறார்கள்' என்பதற்கு அம்மொழியில் 'அபந்து அபதாலா பயதேதா' என்பார்கள். மனிதர் என்ற பெயர்ச்சொல்லின் முன்னொட்டு, அடுத்து வரும் அடைமொழியிலும் வினைமுற்றிலும் தொற்றிக்கொண்டே போகிறது. நாம் முயன்று கட்டும் மோனை, அங்கே இலக்கணத்திலேயே குடியிருக்கிறது. நல்ல பாடகன் அந்த முன்னொட்டுகளின் மேல் தாளத்தை ஏற்றி, நடுவில் சட்டென்று வேறு வகைப் பெயர்ச்சொல்லுக்குத் தாவி மோனையை முறிப்பான். கேட்பவர்கள் அந்த இடத்தில்தான் கூச்சலிடுவார்கள். ஓசையே கவிதை என்றவருக்கு அந்த ஓசையும் காதில் விழவில்லை.

இக்கலை நியூயார்க்கிலிருந்து இறக்குமதியானது என்று கட்டுரை போகிறபோக்கில் முடித்துவிடுகிறது. இசையின் அடித்தளம் அங்கிருந்து வந்திருக்கலாம். சொல் அங்கிருந்து வரவில்லை. தலைவன் முன் நின்று அவன் குலத்தையும் செயலையும் எழுதாமல், மூச்சு விடாமல் பாடும் 'இம்போங்கி' என்ற புலவர் மரபு கோசா மக்களிடம் தலைமுறை தலைமுறையாக உண்டு. 1994 மே மாதம் 10ஆம் நாள் மண்டேலா பதவியேற்றபோது ஸோலானி ம்கீவா என்ற இளைஞர் அப்படித்தான் பாடினார். நம் புலவர்களைப் போலவே அவர்களுக்கும் புகழும் உரிமையோடு இடித்துரைக்கும் உரிமையும் உண்டு. 1925இல் இங்கிலாந்து இளவரசர் வந்தபோது கோசாப் புலவர் எஸ்.ஈ.கே. ம்காயி பாடிய வரவேற்புப் பாட்டில், வேதப் புத்தகத்தோடு பிராந்தியையும் துப்பாக்கியையும் பீரங்கியையும் சேர்த்து அனுப்பிய பிரிட்டனை 'மாபெரும் பிரிட்டனே' என்று விளித்திருக்கிறார். நம்மிடம் இதற்கு வஞ்சப் புகழ்ச்சி அணி என்று பெயரே இருக்கிறது. தமிழ் வாசகனுக்கு இதைவிட எளிதாக எதை விளக்க முடியும்?

இன்னொரு செய்தி பத்திரிகை ஆசிரியர் என்ற முறையில் தங்களுக்கு உவப்பாக இருக்கும். தலைவர்களைப் பாடும் அந்த மரபில் பெண்களுக்கு இடமில்லாத காலத்தில், நொன்ட்சிசி ம்க்வெதோ என்ற பெண் 1920 முதல் 1929 வரை ஜொகானஸ்பர்க்கில் வெளியான 'உம்டெடெலி வா பண்டு' என்ற செய்தித்தாளில் ஏறக்குறைய நூறு கவிதைகளை வெளியிட்டார். தலைவர்களைத் தட்டிக்கேட்டு, தம்மையும் கேலி செய்து எழுதினார். அவருக்கு இடம் தந்த ஆசிரியர் பொருள் தேட வேண்டியதில்லை என்று நினைத்திருந்தால் அந்தக் கவிதைகள் என்னவாகியிருக்கும்? 2012இல் கன்யி மாவி என்ற ராப் பாடகி தம் தொகுப்புக்குப் 'பெண்கள் வந்துவிட்டார்கள்' என்று பெயர் வைத்தபோது எனக்கு அந்தச் செய்தித்தாள்தான் நினைவுக்கு வந்தது. தங்கள் கட்டுரையில் இவர் பெயரும் இல்லை, டிரீமன்ஸ்காப் பெயரும் இல்லை. ஒரு பாடகர் பெயர்கூட இல்லை! நியூயார்க் பாடகர் ஒருவரைப் பற்றி ஜூன் மாத இதழில் எழுதியபோது, அவர் படித்த பள்ளி முதல் வளர்த்த நாய் வரை பெயர் சொன்ன இதழ் இது.

பழங்கணக்கைக் கிளறக் கூடாதுதான். இருந்தாலும் 2008இல் தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபா மறைந்தபோது அவரைச் 'சொடுக்குப் பாடல் புகழ்' என்று எழுதினீர்கள். அந்தப் பாட்டின் உண்மைப் பெயரான 'கொங்கொத்வானே' என்ற வண்டின் பெயரைச் சொல்ல வராமல் ஆங்கிலேயர்கள் வைத்த பெயர் அது என்று மேடைக்கு மேடை சொல்லிச் சிரித்தவர் அவர். 2013இல் மண்டேலா மறைந்தபோது 'மடிபா' அவருடைய செல்லப்பெயர் என்றீர்கள். அது அவரது குலப்பெயர். அப்போதே அஞ்சலட்டை எழுதினேன், பதில் இல்லை. இம்முறை கோசா என்ற சொல் ஒரே கட்டுரையில் மூன்று விதமாக அச்சாகியிருக்கிறது. 'இசிகோசா பழங்குடியினர்' என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். 'இசி' என்பது மொழிக்குரிய முன்னொட்டு, மக்களுக்கு 'அமா'. 'தமிழ்மொழி இனத்தவர் தஞ்சாவூரில் வாழ்கின்றனர்' என்று யாராவது எழுதினால் எனக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருந்தது. கூட அச்சிட்ட படமோ, சிவப்புப் போர்வையும் கையில் ஈட்டியுமாக நிற்கும் மசாய் ஆண்களின் படம். அவர்கள் கென்யாவிலும் தான்சானியாவிலும் வாழ்பவர்கள்; கேப் டவுனிலிருந்து நைரோபி 4,000 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் தஞ்சாவூரிலிருந்து புறப்பட்டுப் பல நாடுகளைக் கடந்துவிடலாம்.

நானும் உத்தமன் இல்லை. மேற்கு கேப் மாநிலத்தில் ஆங்கிலம், ஆப்பிரிக்கான்ஸ், கோசா ஆகிய மூன்றும் ஆட்சிமொழிகள். என் மகள் படித்த பள்ளியில் இரண்டாம் மொழியாக ஆப்பிரிக்கான்ஸ் மட்டுமே கற்பித்தார்கள். கோசாவுக்கு ஆசிரியர் இல்லை என்றார்கள். வாயைத் திறக்காமல் பன்னிரண்டு பருவங்களுக்குக் கட்டணம் கட்டினேன். குகுலேது ஓட்டுநர் என் மகளிடம் அவர் மொழியில் நலம் விசாரிப்பார். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். அந்த வெட்கம்தான் இக்கடிதத்தை இவ்வளவு நீளமாக்கியிருக்கிறது என்று தங்களுக்குத் தோன்றினால், மறுக்க மாட்டேன்.

வேண்டுகோள் சிறியது. அடுத்த இதழில் திருத்தம் என்று இரண்டு வரி போடுங்கள்: படத்தில் இருப்பவர்கள் மசாய் மக்கள் என்றும், கட்டுரையில் விடுபட்ட பாடகர்களுள் டிரீமன்ஸ்காப் குழுவினரும் கன்யி மாவியும் அடங்குவர் என்றும். 'கோசா' என்று ஒரே விதமாக எழுதினால் போதும், எது என்று தாங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். இக்கடிதம் நீளமென்று தோன்றினால் என் தேநீர்க் கதையையும் மகள் கதையையும் வெட்டிவிடலாம்; பெயர்களை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

இங்ஙனம்,
இருபத்தாறு ஆண்டுச் சந்தாதாரர்,
தஞ்சாவூர்.