மாமாவுக்கு, பெட்டியைத் திருப்பித் தருவதற்கு முன்

மாமா,

ஓவியப் பெட்டியை உங்களிடமே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். இனி வெளியில் உட்கார்ந்து வரையப் போவதில்லை. நேரில் சொன்னால் பாதியிலேயே எழுந்து போய்விடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் கண்காட்சியில் என் படத்தின் முன் நின்று "வெயில் படாத படம்" என்றீர்கள். சுற்றிலும் பத்துப் பேர். அதில் மூன்று பேர் என்னிடம் படிக்கிற பிள்ளைகள்.

அது எந்த இடம் என்று உங்களுக்குமா தெரியவில்லை?

பிப்ரவரி மாதம், கித்தா (ரப்பர்) மரங்கள் இலை உதிர்க்கிற காலம். காடு முழுக்கச் செம்பு நிறம். மற்ற மாதங்களில் அந்த மர நிரையிலிருந்து ஜெராய் மலை தெரியாது. அன்றைக்குக் கிளைகளுக்கு நடுவே நீலமாகத் தெரிந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. ஓடையிலிருந்து, கித்தாப் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு வந்தேன். எத்தனை முறை கழுவியும் அதில் பால் வாடை போகவில்லை. மரத்தைப் பழுப்பில் தீட்டினேன். நீங்கள் தூரிகையை வாங்கி வைத்துக்கொண்டு, "போயி மரத்தப் பாத்துட்டு வா" என்றீர்கள். பட்டை சாம்பல். ஒரு பக்கம் பாசி. புதிதாகச் சீவிய இடம் மட்டும் வெளிறியிருந்தது. என் பழுப்பு எங்கேயும் இல்லை. அப்புறம் வெயில் ஏறியது. நிழல் நகர நகர நானும் அழித்து அழித்துத் தீட்டியதில் தாள் நைந்துபோனது. என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். "நெழலத் தொரத்தாத புள்ள. ஒரு நேரத்துல பாத்தத முடிவு பண்ணிக்க. அதயே வரை."

அதையேதான் வரைந்துகொண்டிருக்கிறேன், மாமா.

அடுத்த வருடம் நான் பெரியவளானேன். இனித் தோட்டத்துப் பக்கம் போகக்கூடாது என்று வீட்டில் சொன்னார்கள். யார் சொன்னது என்று இங்கே எழுத மாட்டேன். அவர்களின் பேரப்பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள். நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் விடியற்காலை உங்கள் மோட்டார் சைக்கிள் நம் வாசலில் நிற்காமல் போனது. அடுப்படிச் சன்னலோரம் உட்கார்ந்து மனதில் இருந்ததை வரைந்தேன். நான் உள்ளே போனது அன்றைக்கு. நானாகப் போகவில்லை.

என் கல்யாணத்துக்கு இந்தப் பெட்டியைத் தந்தீர்கள். அது பரிசு மட்டும் இல்லை என்று புரியப் பல வருடங்கள் ஆயின. அதைத் தூக்கிக்கொண்டு பீடோங் ஊரைச் சுற்றிப் போகாத பாதை இல்லை. ஆனால் நமது நிரை அதற்குள் கித்தா போய், எண்ணெய் எடுக்கும் செம்பனையாகியிருந்தது. "செம்பனைய வரையேன், அதுவும் பச்சதான" என்றீர்கள். வரைந்தேன். எனக்கு வரவில்லை. உங்களுக்கு வந்தது. மட்டைகளுக்கு அடியில் இருக்கும் அந்த இருட்டுப் பச்சையை உங்களைப்போல யாரும் தீட்டி நான் பார்த்ததில்லை. இதை ஒருநாளும் உங்களிடம் சொல்லவில்லை. தப்புத்தான், மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வீம்புக்கு உள்ளே உட்காரவில்லை. மேகத்தை வெளியில் நின்று வரைந்து, பின்னால் நேரமும் காற்றும் குறித்து வைத்தவர் என்று ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிளை உதாரணம் காட்டுவீர்கள். 1821, 1822-இல் ஹாம்ப்ஸ்டெட்டில் அப்படிச் செய்தவர்தான் தன் ஆறடிப் படங்களை லண்டன் அறைக்குள் வைத்துத் தீட்டினார், வெளியில் போட்ட ஓவியக் குறிப்புகளைப் பார்த்து. என்னிடம் இருக்கும் குறிப்பு அந்த ஒரு காலை. செங்காவியை அடியில் பூசிக் காயவிட்டு, அதன்மேல் எண்ணெய் வண்ணத்தில் சாம்பலை மெல்லிசாக இழுக்கிறேன். இலைச் சிவப்பு அடியிலிருந்து கசிந்து வருகிறது. வெயில் ஓடிக்கொண்டிருக்கும்போது நீர்வண்ணத்தில் எனக்கு இது முடிந்ததே இல்லை.

வெயில் படவில்லை என்கிறீர்களே, அந்த வெயிலுக்கு என்னைக் கூட்டிப்போக அன்றைக்கு நீங்கள் வரவில்லையே.

எழுதிவிட்டேன், அழிக்கப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். அத்தையிடம் பசியாற ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். பெட்டியின் கீல் துருப்பிடித்திருந்தது, எண்ணெய் போட்டிருக்கிறேன். மங்கைத் தர மாட்டேன். என் தூரிகைகள் அதில்தான் நிற்கின்றன.