பச்சப்பிள்ளைக்கு வலிப்புன்னு சொல்றதுக்கு முன்னாடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். காரைக்குடியில இருந்து எழுதுறேன். என் மக வயித்துப் பேரன், கைக்குழந்தை, பால் குடிச்ச கொஞ்ச நேரத்துல முதுகை வில்லா வளைச்சு கழுத்தை ஒரு பக்கமா திருகிக்கிட்டு விறைச்சுப் போவான், ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தானா சரியாயிரும். உரம் விழுந்திருக்குன்னு பெரியவங்க சேலையில போட்டு உருட்டுனாங்க. ஒரு ஆஸ்பத்திரியில காட்டுனா, நாங்க சொன்னத கேட்டதுமே வலிப்புன்னு மருந்து எழுதிட்டாங்க. பிள்ளை நாள் முழுக்க தூங்கி வழிஞ்சான், வளையுறது மட்டும் நிக்கல.

அதைவிடக் கொடுமை வீட்டுக்கு வர்றவங்க பேச்சு. யார் வழியில வந்த நோவுன்னு என் மகளை வச்சுக்கிட்டே கேக்குறாங்க, பெத்து இன்னும் உடம்பு தேறாத பொண்ணு, ராத்திரியெல்லாம் தூங்காம பிள்ளை மூஞ்சியவே பாத்துக்கிட்டு கிடந்தா.

அப்புறம் மதுரையில ஒரு குழந்தைகள் நரம்பு டாக்டர் செல்போன் வீடியோவ பாத்துட்டு, பால் குடிச்ச பிறகுதான் வருதா, தூக்கத்துல வருதான்னு கேட்டாரு. மூளையோட மின்னலைய பதிவு பண்ணிப் பாக்குற ஈஈஜி டெஸ்ட்டும் நார்மல், வலிப்பு இல்லைன்னுட்டாரு. இதுக்கு சாண்டிஃபர் சிண்ட்ரோம்னு பேராம், வயித்துல இருக்கிறது அமிலத்தோட மேலேறி உணவுக்குழாய்க்கு வர்றப்ப பிள்ளை இப்படி உடம்பை முறுக்குது. 1964-லேயே கின்ஸ்போர்ன்ங்கிற டாக்டர் எழுதி வச்சிட்டாரு, இன்னும் நம்ம ஊர் வரைக்கும் வந்து சேரலையே! கொஞ்சம் கொஞ்சமா பால் குடுத்து, குடிச்சதும் தோள்ல நிமித்தி வச்சு, அமிலத்துக்கு மருந்தும் குடுத்ததுல இப்ப நல்லா இருக்கான். சில பிள்ளைகளுக்கு மாட்டுப்பால் ஒத்துக்காததாலயும் இது வருமாம். வலிப்பு மருந்த டாக்டரே படிப்படியா குறைச்சு நிறுத்துனாரு, நாமளா நிறுத்தவே கூடாது.

இதப் படிச்சிட்டு எல்லாம் பால் எதுக்களிக்கிறதுதான்னு யாரும் வீட்டுலயே இருந்துராதீங்க. தூங்கி எந்திரிக்கிறப்ப தலை குனிஞ்சு கை விரிஞ்சு வெட்டு வெட்டா வரிசையா வந்தா அது நிஜ வலிப்பா இருக்கலாம், மூளை வளர்ச்சியவே பாதிக்கும், அன்னைக்கே தூக்கிட்டு ஓடணும். எதுவா இருந்தாலும் வீடியோ எடுத்துக்கிட்டு போங்க, வாயால சொல்லி விளங்காதது அதுல விளங்கும்.

புதன்கிழமை தடுப்பூசி போட வர்ற நர்ஸம்மாக்களுக்கு சுகாதாரத்துறை இத சொல்லிக் குடுக்கணும், உங்க பேப்பர்லயும் ஒரு குழந்தை டாக்டர வச்சு விவரமா எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு ஆயா, காரைக்குடி