எங்கள் கிணறுகளை நைத்திரேற்றிலிருந்து காக்கக் கோரும் மனு

பெறுநர்:
அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம், யாழ்ப்பாணம்.

அனுப்புநர்:
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்,
வலிகாமம் கிழக்கு.

பொருள்: குடிநீர்க் கிணறுகளைப் பரிசோதித்தலும் மலக்குழிகளை ஒழுங்குபடுத்தலும்

பெருமதிப்பிற்குரிய அரசாங்க அதிபர் அவர்களுக்கு,

எங்கள் சங்க உறுப்பினர் ஒருவருக்கு அண்மையில் குழந்தை பிறந்தது. தாய்ப்பால் போதவில்லை. வீட்டுக் கிணற்று நீரில் பால்மா கரைக்க வேண்டாம் என்று குடும்பநல உத்தியோகத்தர் சொல்லிவிட்டுப் போனார். “அப்படியென்றால் எந்தத் தண்ணீரில் கரைப்பது?” என்று அந்தத் தாய் எங்களைக் கேட்டார். கடையில் போத்தல் தண்ணீர் வாங்கச் சொல்வதைத் தவிர எங்களிடம் பதில் இருக்கவில்லை. கூலி வேலைக்குப் போகும் குடும்பம் அது.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாரியில் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும் மழைநீர்தான் எங்கள் முதல். அது அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை எங்கள் பிள்ளைகளும் அறிவார்கள். சுண்ணாம்புக்கல்லில் வெடிப்பும் பொந்தும் அதிகம். அதன் மேல் கிடக்கும் செம்மண்ணோ பல இடங்களில் மெல்லிய படை. மழைநீர் இறங்கும் அதே வழியால் வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்கு இட்ட யூரியாவும் மலக்குழியின் கசிவும் வடிகட்டப்படாமலே கிணற்றுக்கு வந்துவிடுகின்றன.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் படர்ந்தபோது அது கண்ணுக்குத் தெரிந்தது, மணத்தது. மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். யூரியாவிலிருந்தும் மலக்குழிக் கசிவிலிருந்தும் நீரில் சேரும் நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொதிக்க வைத்தால் அது போகாது. நீர் ஆவியாக ஆவியாகச் செறிவு கூடவே செய்யும். ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதைத் தாண்டிய நீரில் கரைத்த பால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் ஆற்றலைக் குறைத்து உடலை நீலம் பாரிக்கச் செய்யக்கூடும். கொதித்தாறிய நீர் பாதுகாப்பானது என்று நம்பியே எங்கள் தாய்மார் இதுவரை கொடுத்து வந்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தவறில் எங்களுக்கும் பங்குண்டு. சீதனமாகப் பிரிந்து பிரிந்து காணிகள் இரண்டு பரப்பாகச் சுருங்கிவிட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு கிணறு, ஒரு மலக்குழி. தன் கிணற்றிலிருந்து தூரமாக மலக்குழி வெட்டுகிறவர் அதை வேலியோரத்தில் வெட்டுகிறார். வேலிக்கு அப்பால் அயலவரின் கிணறு இருக்கிறது. அயலோடு பகைக்க விரும்பாமல் எல்லோரும் பேசாமல் இருந்துவிட்டோம். எங்களுக்குள் பேசித் தீர்க்கும் அளவைத் தாண்டிவிட்டதால்தான் தங்களிடம் வருகிறோம்.

ஆகவே, வீட்டு வரைபடங்களுக்கு அனுமதி வழங்கும்போது அயற்காணிக் கிணறுகளையும் வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று விதிக்கவும், இடமில்லாத காணிகளில் அடித்தளம் பூசிய, கசியாத தொட்டிகளை மட்டுமே அனுமதிக்கவும் உள்ளூராட்சி மன்றங்களைப் பணிக்குமாறு வேண்டுகிறோம். தொட்டி கட்ட வசதியற்ற குடும்பங்களுக்கு உதவித்தொகை இல்லாவிட்டால் இந்த விதி கடதாசியிலேயே நின்றுவிடும். கிணறுகளை மாரிக்கு முன்னும் பின்னும் ஆண்டுக்கு இருமுறை பரிசோதித்து, முடிவை அந்தந்த வீட்டாருக்குத் தமிழில் எழுதித் தர வேண்டும். குழாய்நீர் வந்து சேரும்வரை, கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கேனும் பவுசர் மூலம் குடிநீர் வழங்க வேண்டும். தோட்டக்காரருக்கு உர அளவு பற்றிய வகுப்புகளை நடத்தக் கமநல சேவை நிலையத்தைக் கேட்டுக்கொண்டால், ஆட்களைத் திரட்டுவது எங்கள் பொறுப்பு.

மாதிரி எடுக்கச் சம்மதித்துக் கிணற்று உரிமையாளர்கள் ஒப்பமிட்ட கடிதங்களை இத்துடன் இணைத்துள்ளோம். முதற் பரிசோதனை இந்த மாரி தொடங்குமுன் நடக்க வேண்டும் என்பதே எங்கள் அவசர வேண்டுகோள். வரும் நாளை அறிவித்தால் உத்தியோகத்தர்களுடன் வீடு வீடாக வர எங்கள் உறுப்பினர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள்.

இவ்வண்ணம்,
செயலாளர்,
சங்க உறுப்பினர்கள் சார்பில்.

பிரதி: பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், யாழ்ப்பாணம்.