மலகாஃப் பள்ளத்துப் படம்

அன்புள்ள செல்விக்கு,

கலிபோர்னியாவில் மலகாஃப் டிகின்ஸ் பூங்காவிலிருந்து நீ அனுப்பிய படம் வந்தது. மூன்று வாரமாகிறது, அப்புறம் போனே இல்லை. வேலை இருக்கும். கும்பல் தேடி ஓடாமல் 30 கூடாரம் மட்டுமே கொள்ளும் சூட் ஹில் திடலைப் பிடித்தாயே, அதுதான் என் பெண். சாப்பாடு மட்டுமில்லை, பற்பசை, சோப்பு எல்லாவற்றையும் ராத்திரி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டு. கரடிக்கு வாசனைதான் கணக்கு.

திடலை ஒட்டிய அந்தப் பள்ளம் தானாக விழுந்ததில்லை. தங்கத்துக்காகத் தண்ணீர் பீய்ச்சி வெட்டியது. மலை மேலே தேக்கி, வாய்க்காலில் மைல்கணக்காகக் கொண்டுவந்து, உயரத்திலிருந்து இரும்புக் குழாயில் இறக்குவார்கள். பம்பு கிடையாது, விழும் உயரம்தான் அழுத்தம். நுனியில் பீரங்கி மாதிரி ஒரு மூக்கு, பெயர் மானிட்டர். கரைந்த சரளை மரத்தொட்டியில் ஓடும். அடியில் குறுக்குக் கட்டைகள், இடுக்கில் பாதரசம். தங்கம் அதில் ஒட்டும். பாதரசத்திலும் கொஞ்சம் நழுவி ஓடைக்குப் போய்விடும். அதனால் ஹம்பக் ஓடைத் தண்ணீரை வாயில் வைக்காதே. காய்ச்சினாலும் பாதரசம் போகாது.

சேறு வெளியேற 7,847 அடிக்குச் சுரங்கம் குடைந்து 1874-ல் முடித்தார்கள். மேலிருந்து செங்குத்தாகக் கிணறுகள் இறக்கி, ஒரே நேரத்தில் பல முகத்தில் தோண்டினார்கள். வேலை சுத்தம், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் சேறு எங்கே போகும்? யூபா ஆற்றில் படிந்து படுகை ஏறியது. கீழே மேரிஸ்வில்காரர்கள் கரையை உயர்த்தினார்கள், படுகையும் கூடவே உயர்ந்தது. கடைசியில் ஆறு தெருவை விட மேலே. 1875-ல் கரை உடைந்து ஊருக்குள் வெள்ளம். வழக்குப் போய், 1884 ஜனவரியில் நீதிபதி சாயர் ஆற்றில் கழிவு கொட்டத் தடை போட்ட பிறகுதான் ஓய்ந்தது. 1965-ல் பூங்கா ஆனது. 2011-ல் மாநில அரசு மூடுவதாக அறிவித்த 70 பூங்காக்களில் இதுவும் ஒன்று, உள்ளூர்க்காரர்கள் விடவில்லை.

நெருப்பில் தண்ணீர் ஊற்றிக் கிளறு, மறுபடி ஊற்று, புறங்கையால் சூடு பார். பெட்டியைப் பூட்டு.

படத்தில் மேசை மேல் ஒரே தம்ளர். அம்மா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லு.

போன தடவை மொட்டைமாடியில் நீ ஏதோ சொல்ல வந்தாய். "எல்லா வீட்டிலும் இருக்கிறதுதான்" என்று நான் எழுந்து போய்விட்டேன். போயிருக்கக் கூடாதும்மா.

அங்கே இருக்கிற ஹில்லர் சுரங்கம் வேறு, 556 அடிதான், ஆனால் உள்ளே இருட்டு, காலடியில் தண்ணீர், கல் வழுக்கும். டார்ச் இரண்டு வைத்துக்கொள். தனியாகப் போகாதே. போகத்தான் வேண்டுமென்றால் முதலில் எனக்குப் போன் பண்ணு. இங்கே ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அப்பா