வீட்டு நீச்சல் குளத்துக்கு டோசிங் கருவி: சுந்தரத்துக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. பேரப்பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு வருவதற்குள் குளத்துக்குத் தானியங்கி டோசிங் கருவி, அதாவது நீரை அளந்து ஆசிட்டையும் குளோரினையும் தானாகவே சேர்க்கும் கருவி, பொருத்திவிட வேண்டும் என்று எழுதியிருந்தாய். பணம் கட்டுவதற்கு முன் என் வீட்டில் நடந்தது உனக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதால் உடனே எழுதுகிறேன்.

நான் முதலில் வாங்கிய கருவியில் நீரோட்டத்தைக் கவனிக்கும் சுவிட்ச் கிடையாது. ஒரு நாள் காலை ஃபில்டர் மோட்டாரில் காற்றடைத்து நீரோட்டம் நின்றுவிட்டது. அது தெரியாத கருவி, ஆசிட்டையும் குளோரினையும் அசையாத ஒரே குழாய்க்குள் சொட்டுச் சொட்டாக இறக்கிக்கொண்டே இருந்தது. காற்றை எடுத்துவிட்டு மோட்டாரை ஓடவிட்டதும், நீர் திரும்பி வரும் சுவர்த் துளையிலிருந்து குமிழ்கள் திரளாக எழும்பின. படியில் கால் நனைத்துக்கொண்டிருந்த என் பேத்தி மூச்சுத் திணறி இருமினாள். உடனே தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். மருத்துவரிடம் காட்டி, மாலைக்குள் தேறிவிட்டாள். ஆசிட்டும் ஹைப்போகுளோரைட்டும் (குளத்துக்கு ஊற்றும் திரவக் குளோரின்தான் அது) கலந்தால் குளோரின் வாயு எழும் என்பதைக் கல்லூரி ஆய்வகத்திலேயே நாம் படித்திருக்கிறோம், சுந்தரம்.

ஆகவே, நீரோட்டம் நின்ற கணமே இரண்டு டோசிங் பம்புகளும் நிற்கின்றனவா, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைக்க முடிகிறதா என்பவற்றை முதலில் பார். விற்பவரின் வாய்ச்சொல் போதாது. ஓடும் குளம் ஒன்றில் மோட்டாரை நிறுத்திக் காட்டச் சொல். கைப்பேசிச் செயலி, வண்ணத் திரை எல்லாம் அதற்கப்புறம்தான்.

அடுத்தது, நீ மிதவையில் போட்டுவரும் குளோரின் மாத்திரை. பெரும்பாலான கருவிகளில் உள்ள ஓஆர்பி சென்சார் குளோரினின் அளவை நேராக அளப்பதில்லை; நீரின் ஆக்சிஜனேற்ற வீரியத்தை மில்லிவோல்ட்டில் காட்டுகிறது. பொதுவாக 650 முதல் 750 வரை வைப்பார்கள். அந்த மாத்திரையோடு குளத்தில் சேரும் சயனூரிக் அமிலம் வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் என்றாலும், தானாகக் குறையாமல் நாளுக்கு நாள் ஏறும். 50 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கில் 50 பங்கு) அது தாண்டிவிட்டால், போதிய குளோரின் இருந்தும் ஓஆர்பி தாழ்ந்தே நிற்க, கருவி மேலும் மேலும் ஊற்றும். எனவே மாத்திரையை இப்போதே நிறுத்திவிட்டு, சயனூரிக் அமிலத்தின் அளவைச் சோதித்து, மிகுதியாக இருந்தால் குளத்து நீரில் ஒரு பகுதியை மாற்றிவிடு.

நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.2க்கும் 7.6க்கும் இடையில் நிற்கட்டும். 7.5இல் குளோரினில் ஏறத்தாழப் பாதி வீரியமுள்ள வடிவில் இருக்கும். 8க்குப் போனால் அது கால் பங்காகிவிடும்.

உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் முறையைப் பற்றியும் கேட்டிருந்தாய். உன் ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்துக்குத் அந்தக் கருவியின் மின்தகடுகளில் சுண்ணாம்பு படியும். பிஎச்சும் ஏறுவதால் ஆசிட் எப்படியும் தேவைப்படும். உனக்குத் திரவக் குளோரினே ஏற்றது என்பது என் எண்ணம். வெயிலில் அதன் வீரியம் குறைந்துவிடும் என்பதால் சிறிய கேன்களாக வாங்கி, ஆசிட் கேன் இருக்கும் அறையில் வைக்காமல் தனியே நிழலில் வை.

பிஎச் சென்சாரை மாதம் ஒரு முறை பிஎச் 7, 4 என்று அளவு தெரிந்த பஃபர் கரைசல்களில் சரிபார்க்க வேண்டும், உலரவிட்டால் கெட்டுவிடும். விலை பேசும்போதே மாற்றுச் சென்சாரின் விலையையும் கேட்டு வை. கருவி வந்த பிறகும் வாரம் ஒரு முறை சோதனைக் கிட்டில் கையால் பார்ப்பதை விட்டுவிடாதே.

உனக்கு வந்த விலைப்பட்டியல்களை அனுப்பி வை. பொருத்தும் நாளைச் சொன்னால் நானும் வந்து உடனிருக்கிறேன்.

அன்புடன்,
ராமநாதன்